ஒரு கம்ப்யூட்டர், ஐந்து பேர், ஆளுக்கொரு லாகின்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐந்து வருடம் ஒரே ஒரு ஆள்தான் குடியிருந்தார். அவர் பெயர் "ஹோம்". கடையில் அசெம்பிள் செய்து கொடுத்தவர் வைத்த பெயர். பாஸ்வேர்டு கிடையாது, சுவிட்சைப் போட்டால் நேராக டெஸ்க்டாப் வந்துவிடும். அப்பா பென்ஷன் விவரம் பார்த்தாலும், மனைவி பள்ளிக்கு வினாத்தாள் அடித்தாலும், மகள் பிளஸ் ஒன் பாடத்துக்கு வீடியோ பார்த்தாலும், மகன் கேம் ஆடினாலும், நான் உட்கார்ந்தாலும் எல்லாம் "ஹோம்" பெயரில்தான். டெஸ்க்டாப்பில் ஐகான்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது படிக்கும் மகனுக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. "டெஸ்க்டாப்பை கிளீன் பண்ணிட்டேன்" என்று வந்து நின்றான். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருந்தான். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். மனைவி மூன்று நாள் உட்கார்ந்து தமிழில் அடித்த அரையாண்டு வினாத்தாளும் அதோடு போய்விட்டது. அவர் சத்தம் போட்டபோது பையன் திருப்பிக் கேட்டான்: "அது உன்னோடதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி. அவனுக்கு என்ன, கம்ப்யூட்டருக்கே தெரியாது. அதன் கணக்கில் நடந்தது இவ்வளவுதான்: "ஹோம்" என்கிற ஒருவர் தன் ஃபைல்களைத் தானே அழித்துக்கொண்டார். அதைத் தடுக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. உட்கார்ந்திருப்பது யார் என்று நாம் அதற்குச் சொல்லும் இடம் லாகின் திரைதான். அங்கே ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டால், அதற்கு ஐந்து பேரும் ஒரே ஆள்.

தனித்தனி லாகின் வைக்கலாம் என்று நான் சொன்னதும் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்குப்பா பாஸ்வேர்டு, யார்கிட்ட என்னத்த மறைக்கப் போறோம்?" என்றார். லாகின் என்றாலே பூட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்த கதையைப் பார்த்தால், பங்கு போட்டுக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு அது என்று தெரியும்.

1960களின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருவர் வேலை ஓடி முடிந்த பிறகுதான் அடுத்தவர் வேலை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர் குழுவும், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி சிடிஎஸ்எஸ் என்று ஒன்றை உருவாக்கி 1961இல் செய்து காட்டினார்கள். பலர் வந்து போகும் இடத்தில் எது யாருடைய ஃபைல், யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வேண்டுமே. அதற்காக ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்தார்கள். வைத்த கையோடு வேடிக்கையும் ஆரம்பித்துவிட்டது. 1962இல் அங்கே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. பாஸ்வேர்டுகள் எழுதியிருந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி ஒரு துளையட்டையை (அன்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் அட்டை) கொடுத்தார். கம்ப்யூட்டரும் சமர்த்தாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. 1966இல் ஃபைல்கள் இடம் மாறிப்போய், லாகின் செய்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

நம் வீடுகளுக்கு வந்த விண்டோஸில் இந்தச் சிந்தனை மெதுவாகத்தான் வந்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் லாகின் பெட்டி வந்தால் எஸ்கேப் சாவியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். வாசலில் நின்று "யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்துவிடும் பாட்டி மாதிரி. 2001இல் வந்த எக்ஸ்பியில் ஆளுக்கொரு படத்தோடு வரவேற்புத் திரை வந்தது. ஆனால் நிறுவும்போது பெயர் கொடுத்த அத்தனை பேரும் அட்மின், அதாவது எதையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர். 2007இல் கடைக்கு வந்த விஸ்டாதான், எதையாவது மாற்றப் போனால் திரையை மங்கலாக்கி "செய்யட்டுமா?" என்று குறுக்கே நிற்க ஆரம்பித்தது. அப்போது எல்லாரும் அதைத் திட்டினோம். இப்போது எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினைகள் அந்தப் பெட்டியோடு நின்றுவிடுகின்றன.

சரி, யூசர் அக்கவுண்ட் என்றால் என்ன? வீட்டில் ஒரே பீரோதான் இருக்கிறது. மேல் தட்டு அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, கீழ்த்தட்டு பிள்ளைகளுக்கு. உள்ளே ஒரு லாக்கர், அதன் சாவி ஒருவரிடம். இதுதான் மொத்த ஏற்பாடும். பீரோவுக்குப் பதில் ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதல் வசதி என்னவென்றால், இந்தத் தட்டுகளுக்குக் கதவும் உண்டு.

தட்டை நேரில் பார்க்க வேண்டுமா? சி டிரைவில் யூசர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். திறந்தால் ஆளுக்கொரு ஃபோல்டர். அதற்குள் அவரவர் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். டெஸ்க்டாப் என்று திரையில் பார்ப்பதும் உண்மையில் இதற்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். ஆப்டேட்டா என்று இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஹிஸ்டரி, புரோகிராம்களுக்கு நாம் செய்து வைத்த செட்டிங்ஸ் எல்லாம் அதில் கிடக்கும். ஒரே அக்கவுண்ட்டை எல்லாரும் பயன்படுத்தும் வீட்டில் உண்மையான ஆபத்து இந்த ஃபோல்டர்தான். நீங்கள் ஒரு தடவை "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்ற கேள்விக்குச் சரி என்று சொல்லியிருந்தால், அடுத்து உட்காருகிறவர் உங்கள் மெயிலையும் வருமான வரித் தளத்தையும் திறக்கும்போது பிரவுசர் அதைத் தானாகவே நிரப்பிக் கொடுத்துவிடும். வந்திருப்பது யார் என்று அது பார்ப்பதில்லை.

தனித்தனியாகப் பிரித்ததும் எங்கள் வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டவர், முதலில் எதிர்த்த அப்பாதான். அவர் தட்டில் எழுத்து பெரிதாக, ஐகான் ஐந்தே ஐந்து. மனைவி தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டார். மகள் ஆங்கிலத்தில் ஒலிக்கிறபடி அடிக்கும் தமிழ் ஃபொனெடிக்கைச் சேர்த்தாள். முன்பு ஒருவர் மாற்றி வைத்துவிட்டுப் போவதும் அடுத்தவர் வந்து "க" அடித்தால் வேறேதோ வருகிறது என்று கத்துவதுமாக இருக்கும். விசைப்பலகையும் ஆளுக்கு ஆள் தனி என்பது பலருக்குத் தெரிவதில்லை. எம்எஸ் ஆஃபீஸ் மாதிரி எல்லாருக்கும் பொதுவாக நிறுவிய புரோகிராம்கள், பிரிண்டர், வைஃபை, விண்டோஸ் அப்டேட் இவை பொதுச்சொத்து. ஒருவர் செய்தால் எல்லாருக்கும் ஆயிற்று.

இப்போது லாக்கர் சாவிக்கு வருவோம். விண்டோஸில் அக்கவுண்ட் இரண்டு வகை: அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்ட் யூசர். ஸ்டாண்டர்ட் யூசர் தன் தட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாது. கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் புரோகிராம் நிறுவுவது, ஆள் சேர்ப்பது, ஆள் நீக்குவது எல்லாம் அட்மின் வேலை. அடுத்தவர் தட்டைத் திறக்கப் போனால் ஸ்டாண்டர்ட் யூசருக்குக் கதவு மூடியிருக்கும். அட்மின் திறக்கப் போனால் "அனுமதி இல்லை" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லும், கீழே "கன்டினியூ" பட்டனும் இருக்கும். அழுத்தினால் திறந்துவிடும்.

மகள் இதைத்தான் முதலில் கேட்டாள். "அப்ப நீங்க என் ஃபோல்டரைப் பாக்க முடியுமாப்பா?"

"முடியும். பாக்க மாட்டேன்."

"சரி, அப்ப டைரியெல்லாம் இதுல எழுதல" என்றாள். புத்திசாலி.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், மகன் எங்கிருந்தோ ஒரு கேமுக்கு இலவச ஸ்கின் என்று ஒரு ஃபைலை இறக்கி இரட்டைக் கிளிக் செய்யும்போது தெரியும். அவன் அட்மினாக இருந்த காலத்தில் திரை மங்கி "யெஸ், நோ" என்று கேட்கும். எந்தப் பையனும் அதைப் படிப்பதில்லை, கை தானாக யெஸ்ஸுக்குப் போகும். ஸ்டாண்டர்ட் யூசர் ஆன பிறகு அதே பெட்டி அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அவன் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, நான் அது என்ன ஃபைல் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எல்லாப் புரோகிராமும் இப்படி அனுமதி கேட்பதில்லை. சில, அவரவர் ஆப்டேட்டாவுக்குள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் சேதம் பெரும்பாலும் அந்த ஒரு தட்டோடு நிற்கும்.

இதனால் நான் செய்தது, வீட்டுக்காரனான நானே அன்றாடம் ஸ்டாண்டர்ட் யூசராக இருப்பது. அட்மினுக்கென்று தனியாக "சாவி" என்ற பெயரில் ஓர் அக்கவுண்ட். அதில் யாரும் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. பெட்டி வந்து கேட்கும்போது அந்தப் பாஸ்வேர்டை அடிப்பதோடு சரி. அதிகப்படி என்று தோன்றலாம். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

புது ஆளைச் சேர்ப்பது சுலபம், ஆனால் மைக்ரோசாஃப்ட் நம்மை ஒரு சின்னச் சந்துக்குள் கூட்டிப்போகும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ஆட் அக்கவுண்ட் அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் அந்தப் பக்கத்துக்கு ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ் என்று பெயர். (அந்த 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. முடிந்தால் 11க்கு மாறிவிடுங்கள்.) உடனே ஒரு பெட்டி வந்து சேரப்போகிறவரின் இமெயிலைக் கேட்கும். இமெயில் கொடுத்தால் அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். வேண்டாம் என்றால், அவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்கிற சின்ன வரியை அழுத்த வேண்டும். அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர் என்று இன்னொரு சின்ன வரி. அதை அழுத்தினால்தான், இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுண்ட்டுக்கு வழி. இப்படிச் சேர்க்கிற புது ஆள் ஸ்டாண்டர்ட் யூசராகத்தான் வருவார். முதல் தடவை அவர் உள்ளே போகும்போது "ஹாய்" என்று சொல்லிவிட்டுச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். தட்டு தயாராகிறது என்று அர்த்தம். மிஷின் நின்றுவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

லோக்கலா, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டா? பாஸ்வேர்டு மறந்தால் ஆன்லைனில் மீட்கலாம், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஃபைல் ஏறும், குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம் என்பதெல்லாம் பின்னதில் உண்டு. மெயில் ஐடி என்ன என்று கேட்டாலே முழிக்கும் பெரியவர்களுக்கு லோக்கலே போதும். நான் அப்பாவுக்கும் எனக்கும் லோக்கல், பிள்ளைகளுக்கு மைக்ரோசாஃப்ட் என்று வைத்திருக்கிறேன்.

பெயர் கொடுக்கும் இடத்தில் ஒரு விஷயம், தமிழ் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது. தமிழில் பெயர் அடித்தால் விண்டோஸ் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவருடைய ஃபோல்டரும் தமிழ்ப் பெயரோடு உருவாகிவிடும். சில பழைய புரோகிராம்களுக்கு அந்த வழியைப் படிக்கத் தெரியாது. திறக்காமல் ஏதேதோ பிழைச் செய்தி காட்டும். அதனால் உருவாக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் சின்னப் பெயராகக் கொடுங்கள். அப்புறம் கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுண்ட்ஸுக்குப் போய்ப் பெயரைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். திரையில் "தாத்தா" என்று வரும், ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டாக இருந்தால் இமெயிலின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து அதுவே ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடும். என் மகளின் ஃபோல்டர் இப்போது பாதிப் பெயரோடு நிற்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் டி டிரைவ் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தால் டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். "முக்கியமானதை டியில போடுங்க சார், ஃபார்மேட் அடிச்சாலும் போகாது" என்று அறிவுரையும் சேர்த்துத் தருவார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் தட்டும் கதவும் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் மட்டுமே. டி டிரைவ் கூடத்துத் திண்ணை மாதிரி. நாமாக அனுமதியை மாற்றாத வரை, வீட்டில் லாகின் செய்யும் எவரும் அங்கே இருப்பதைத் திறக்கலாம், அழிக்கலாம். ஆளுக்கொரு லாகின் வைத்தும் வினாத்தாள் டியில் இருந்தால் மகன் மறுபடி சுத்தம் செய்ய முடியும். பத்திரமாக இருக்க வேண்டியது டாக்குமெண்ட்ஸில் இருக்கட்டும், அதன் நகல் ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கட்டும்.

எல்லாரும் பார்க்க வேண்டிய கல்யாணப் படங்கள், கேஸ் புக்கிங் ரசீது மாதிரியானவற்றுக்கு யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பப்ளிக் என்று ஒன்று இருக்கிறது. அதில் போடும்போது இழுத்துப் போடாமல் காப்பி செய்து பேஸ்ட் செய்யுங்கள். இழுத்து நகர்த்திய ஃபைல் சில சமயம் பழைய தட்டின் பூட்டோடேயே வந்து உட்கார்ந்துவிடும். மற்றவர் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும்.

பாஸ்வேர்டு, பின் நம்பர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் கேட்கிறார்கள். பாஸ்வேர்டு, அதுவும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு, உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் உங்கள் கணக்கைத் திறக்கும். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் செல்லும். அதனால் வீட்டில் தினமும் அடிக்கப் பின் நம்பர்தான் நல்லது. பக்கத்தில் நின்று யாராவது பார்த்துவிட்டாலும் வெளியிலிருந்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தது நாலு இலக்கம். நான் ஆறு வைக்கச் சொல்வேன். அப்பா வைத்தது அவர் பிறந்த வருடம். பேரன் இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்தான். மாற்றிய பிறகு அவன் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க, ஒரு கட்டத்தில் விண்டோஸ் "ஏ1பி2சி3 என்று அடி" என்று கேட்டது. விசைகளை யாரோ சும்மா தட்டிக்கொண்டிருக்கிறார்களா, உண்மையிலேயே ஒரு மனிதர் முயல்கிறாரா என்று அது சோதிக்கும் முறை அது. பையன் ஏதோ பெரிய பூட்டை உடைத்துவிட்ட மாதிரி ஓடிவந்தான்.

சரியான பாஸ்வேர்டை அடித்தும் தவறு என்கிறதா? கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் லாகின் திரையில் கீழே வலது மூலையில் மொழி என்ன என்று பாருங்கள். தமிழ் விசைப்பலகையில் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் அடிக்கும் ஆங்கில எழுத்து உள்ளே தமிழாகப் போய்க்கொண்டிருக்கும். புள்ளி புள்ளியாகத்தானே தெரிகிறது, கண்டுபிடிக்கவே முடியாது. பின் நம்பர் அடிக்கிறீர்கள் என்றால், கீபோர்டில் "நம் லாக்" (Num Lock) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்து எழுந்து போகும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் எல்லாம் வீணாகிறது. ஆளுக்கொரு லாகின் வைத்துவிட்டு, திறந்தபடியே சாப்பிடப் போனால் அடுத்து வருகிறவர் உங்கள் பெயரில்தான் உட்காருவார். சின்ன இடைவேளை என்றால் விண்டோஸ் சாவியையும் எல் சாவியையும் சேர்த்து அழுத்துங்கள், பூட்டிக்கொள்ளும். நீங்கள் திறந்து வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும். இன்னொருவர் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்றால் பூட்டிய திரையிலிருந்தே அவர் பெயரைத் தேர்ந்து உள்ளே போகலாம். வேலை மொத்தமாக முடிந்துவிட்டால் சைன் அவுட். பூட்டுவதோடு நிறுத்தினால் உங்கள் பிரவுசரும் வேர்டும் பின்னால் ஓடிக்கொண்டே மெமரியைத் தின்னும். 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் மூன்று பேர் இப்படித் திறந்தபடி விட்டால் நாலாவது ஆளுக்கு மவுஸ் நகராது. ராத்திரி ஷட் டவுன் கொடுக்கும்போது "வேறொருவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்" என்று எச்சரிக்கை வந்தால் கோபப்படாமல் படியுங்கள். பூட்டிய தட்டில் யாரோ சேவ் செய்யாத ஒன்று இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த யாரோ எப்போதும் மகள்தான்.

நாம் மறந்தாலும் தானாகப் பூட்டிக்கொள்ள அக்கவுண்ட்ஸில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் வழி இருக்கிறது. எழுந்து போய்விட்டுத் திரும்பினால் எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு, கம்ப்யூட்டர் தூக்கத்திலிருந்து (ஸ்லீப்) எழும்போது என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது. பிள்ளையின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டை உங்கள் குடும்பக் குழுவில் சேர்த்தால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த ஆப் எவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். தளங்களை வடிகட்டுவது எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். நேரம் தீர்ந்ததும் திரை மூடிக்கொள்ளும். இன்னும் அரை மணி நேரம் என்று உங்கள் போனுக்கு விண்ணப்பம் வரும். நான் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் அது வருகிறது. இந்தக் கருவியை நம்பிப் பிள்ளையை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். கூடத்தில், எல்லாரும் நடமாடும் இடத்தில் கம்ப்யூட்டரை வைப்பது இதைவிட நன்றாக வேலை செய்கிறது.

பாஸ்வேர்டு மறந்துவிட்டால்? லோக்கல் அக்கவுண்ட்டுக்கு, உருவாக்கும்போதே மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்ளும். பிறந்த ஊர், முதல் செல்லப்பிராணி என்கிற மாதிரி. வீட்டுக்குள் இது கேலிக்கூத்து. தாத்தா பிறந்த ஊரும் நாயின் பெயரும் யாருக்குத் தெரியாது? உண்மையான பதிலைக் கொடுக்காமல் உங்களுக்கு மட்டும் நினைவிருக்கும் பொய்யைக் கொடுங்கள். அதுவும் மறந்தால் அட்மின் அக்கவுண்ட்டிலிருந்து புதுப் பாஸ்வேர்டு வைத்துவிடலாம். ஆனால் அப்படி வைத்தால் அந்த ஆள் விண்டோஸிலும் பிரவுசரிலும் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் கைவிட்டுப் போகும், ஏனென்றால் அவை பழைய பாஸ்வேர்டை வைத்துத்தான் பூட்டப்பட்டிருந்தன. "சாவி" அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை மட்டும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பையில் வைத்திருக்கிறேன். தாளில் எழுதாதே என்பது அலுவலகத்துக்கான அறிவுரை. வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் தாளைத் தேடி வெளிநாட்டிலிருந்து எவரும் வரப்போவதில்லை.

லாகினுக்கு ஓர் எல்லை உண்டு. வாசல் வழியாக வருகிறவரைத்தான் அது நிறுத்தும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, பென் டிரைவில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டு அதிலிருந்து ஆரம்பித்தாலோ, உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்கப் போவதில்லை. ஃபைல்கள் அப்படியே திறக்கும். அதைத் தடுப்பது டிஸ்க்கையே சங்கேதமாக்கும் வசதி. உங்கள் கம்ப்யூட்டர் ஒத்துழைத்தால், விண்டோஸின் சாதாரண வீட்டுப் பதிப்பான விண்டோஸ் ஹோமிலும் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று இருக்கும். போடுவதற்கு முன்னால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள். அது தொலைந்து, கம்ப்யூட்டரும் மக்கர் செய்தால், சொந்த வீட்டுக்கு வெளியே நாமே நிற்க வேண்டியதுதான். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்கு இது அவசியம் என்பேன். கூடத்து மூலையில் அசையாமல் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு உங்கள் விருப்பம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாஸ்வேர்டு கேட்பார்கள். கீபோர்டோ ஸ்பீக்கரோ சரிபார்க்க ஒரு ஸ்டாண்டர்ட் யூசர் போதும். அதற்கென்று ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, வந்ததும் நீக்கிவிடுங்கள். கோடை விடுமுறைக்கு வரும் மச்சினர் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியம். முன்பு விண்டோஸில் கெஸ்ட் என்று தயாராக ஒன்று இருந்தது, 10 வந்ததோடு அதைத் தூக்கிவிட்டார்கள். ஆப்பிள் மேக்கில் இன்னும் இருக்கிறது. விருந்தாளி வெளியேறியதும் அவர் விட்டுப்போனதையெல்லாம் அதுவே துடைத்துவிடும்.

கடைசியாகப் பழைய "ஹோம்". ஆளுக்கொரு தட்டு வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. முதலில் "சாவி"யை அட்மினாக்கி, அதற்குள் ஒரு தடவை போய் வந்து பார்த்த பிறகுதான் இதைத் தொட்டேன். இருக்கிற ஒரே அட்மினை இழந்துவிட்டால் வீட்டில் யாராலும் எதையும் மாற்ற முடியாது. நீக்கும்போது "டெலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா" என்று கேட்கும். அந்த டேட்டா என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். அவர் தட்டில் இருந்த அத்தனையும் போகும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூட வராது.

அதனால் ஒரு சனிக்கிழமை ஐந்து பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "ஹோம்" டாக்குமெண்ட்ஸைப் பிரித்தோம். இது உன்னது, இது என்னது என்று எடுத்து எடுத்து அவரவர் ஃபோல்டருக்கு அனுப்பினோம். நியூ ஃபோல்டர் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இருந்தன. எட்டுக்கு ஆள் கிடைத்தது. ஏழாவதில் இருந்த நாற்பத்துச் சொச்சம் பூனை வீடியோக்கள் தன்னுடையவை என்று இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை மட்டும் பப்ளிக்கில் போட்டு வைத்திருக்கிறோம்.